மேலாளருக்குக் கட்டின கல்

கொள்முதல் மேலாளர் கிருபாகரன் வளைய ஆரம்பிச்சது ஒரு வியாழக்கிழமை காலைல, ஒம்பதரை மணிக்கு, எங்க ஊர்ச் சனம் அறுபது பேரு காய்ப்பெட்டியும் கையுமா வரிசைல நிக்கறப்ப, எங்க நம்பரை ஏட்டுல இருந்து அவன் அடிச்சு முடிச்ச மறு நிமிசம். முதல்ல கழுத்துதான். சோத்தாங்கைப் பக்கமா ஒரு விரக்கடை சாஞ்சுது. நிமிர்த்திப் பார்த்தான், நிக்கலை. கையால தாடையைப் பிடிச்சுத் தள்ளிப் பார்த்தான், கையை எடுத்ததும் மறுபடி சாஞ்சுது.  வருசம் பூரா புடலங்கா வளையறதைப் பார்த்துட்டுக் கெடக்கறவங்க நாங்க, எந்த வளைவு தானா நிமிரும், எது நிமிராதுன்னு எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இது நிமிராத வளைவு.

என் பேரு மாராத்தா. வெள்ளமடைப்புதூர்ல ஒண்ணேகால் ஏக்கர் பந்தல், கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், எனக்கும் என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கும் இருக்கறது அது ஒண்ணுதான். எங்க ஊரே புடலை ஊரு. பந்தலுக்குக் கீழ வந்து அண்ணாந்து பார்த்தீங்கன்னா ஒவ்வொரு காயோட நுனியிலயும் ஒரு கல்லு தொங்கிட்டு இருக்கும். சும்மா விட்டா புடலை தன்னிஷ்டத்துக்குச் சுருண்டுக்கும், அதோட குணம் அது. வாழைநாருல கல்லைக் கட்டித் தொங்கவிட்டாத்தான் அந்தக் கனத்துக்குக் கட்டுப்பட்டு நேரா இறங்கும். பிஞ்சுக்குப் புளியங்கொட்டை அளவு, முழம் இறங்குனா எலுமிச்சங்கா அளவு. கனம் கூடுனா காம்பு அத்துப் போகும், கொறைஞ்சா காய் மதிக்காது. காயைக் கையில ஏந்திப் பார்த்தே இதுக்கு இந்தக் கல்லுதான்னு சொல்ற கை என்னோடது. பெருமைக்குச் சொல்லலை, ஊருக்குள்ள யாரை வேணாலும் கேட்டுக்கங்க.

கம்பெனி எங்க ஊருக்கு வந்து ஆறு வருசம் ஆச்சு. அது பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா வாயைக் கொப்புளிக்கணும். வந்த புதுசுல சால்வையெல்லாம் போத்துனாங்க. "இனி சந்தைக்கு அலைய வேண்டாமுங்க, ஊருக்குள்ளயே நாங்க எடுத்துக்கறோம், வெளிய மட்டும் ஒரு காய் குடுத்தராதீங்க"ன்னாங்க. நாங்களும் கும்பிட்டுத் தலையாட்டுனோம். சந்தை ஏவாரிக ரெண்டு வருசம் வந்து வந்து பார்த்துட்டு, வெறுங்கையோட திரும்பி, கடைசில எங்க ஊரு வழியையே மறந்துட்டாங்க. அவங்க கால்தடம் அழிஞ்ச பொறவுதான் தகரக் காடி வந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி ஊத்தற காடி மாதிரி, ஆனா ஒரு சாண் அகலம்கூட இருக்காது, நீட்டமா, நேரா, நூலு புடிச்சு அடிச்ச மாதிரி ஒரு தகரம். அதுல காயைப் படுக்க வெச்சு, குனிஞ்சு பார்ப்பான் கிருபாகரன். காய்க்கும் தகரத்துக்கும் நடுவால வெளிச்சம் தெரிஞ்சா, அந்தப் பெட்டி பூராவும் கழிவு. கழிவுன்னு சொன்ன காயை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொழம்பு வெக்கவும் கூடாது. வெளிய வித்துருவமாம். அவங்க ஆபீசுக்குப் பின்னாடி குழி வெட்டி வெச்சிருந்தாங்க, அவன் கண்ணு முன்னால நாங்களே கொட்டிட்டு வரணும். நாங்க வளர்த்ததை எங்க கையாலயே கொட்டணும்.

ஒரு வருசம் குட்டைக் காடி வெச்சான். நாங்க குட்டை ரகத்து விதையை வாங்கிப் போட்டு, கொடி ஏறி, பூ எடுத்து, காய் தொங்கற நேரத்துல நெட்டைக் காடியை எடுத்து மேசை மேல வெச்சான். ஏனுங்க, இப்படி நடு வெள்ளாமைல மாத்துனா நாங்க என்ன பண்றதுன்னு கேட்டா, "மேலிடத்து உத்தரவுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுவான். ஆமா, நம்பர். எங்க யாருக்கும் அங்க பேரு கெடையாது. நாங்க நாப்பத்தொண்ணு. விடியக்காலைல போன் போட்டு, "நாப்பத்தொண்ணு, அறுத்துட்டு வாங்க"ம்பான். அறுத்துக் கொண்டுபோய் வெய்யில்ல நின்னா, "இன்னிக்கு வேண்டாமுங்க"ம்பான். அறுத்த காயை மறுபடி கொடியில ஒட்டவா முடியும்? புடலை ஒரு பகல் தாங்கும், மறுநாள் தொவண்டு போகும். அந்த ஒரு பகலை வெச்சுக்கிட்டுத்தான் எங்க அத்தனை பேரு கழுத்தையும் அவன் பிடிச்சிருந்தான்.

என் வீட்டுக்காரர் வாயில்லாத மனுசன். பக்கத்துத் தோட்டத்து மாடு வந்து மேஞ்சாக்கூட அதைத் தடவிக் குடுத்து ஓட்டிவிடற ஆளு. அந்த ஆளு, மூணு பறிப்பு சேர்ந்தாப்புல குழிக்குப் போனதும், எங்கிட்டக்கூடச் சொல்லாம ஒரு மனு எழுதி, திங்கக்கிழமை மனுநாள்ல கலெக்டர் ஆபீசுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டாரு. அது மேசை மேசையா ஏறி எறங்கி, முதுகுல ஏழெட்டு சீல் வாங்கி, "தக்க நடவடிக்கைக்காக"ன்னு எழுதி, யாரு மேல குடுத்தாரோ அந்தக் கிருபாகரன் மேசைக்கே வந்து சேர்ந்துச்சு. இதை மாயம்னு நீங்க சொன்னா ஒத்துக்குவேன். ஒரு ஆளு வளையறதுல எனக்கு ஆச்சரியமில்லை, ஒரு காயிதம் இப்படி நேரா போய்ச் சேர்ந்ததுலதான் இன்னும் ஆச்சரியம்.

அந்த வியாழக்கிழமை அதை எல்லாருக்கும் முன்னால சத்தமா வாசிச்சான். 'ஐயா அவர்கள் சமூகத்துக்கு'ன்னு எங்க வீட்டுக்காரர் எழுதியிருந்ததை அவரு கொரல்லயே இழுத்து இழுத்து வாசிச்சுக் காட்டினான். பொறவு ஏட்டைத் திறந்து ஸ்கேலை வெச்சு ஒரு கோடு இழுத்தான். "நாப்பத்தொண்ணுன்னு இனி ஒரு நம்பரே இல்லைங்க. ஊருக்கும் இன்னிக்கு லோடு கெடையாது. எல்லாரும் குழில கொட்டிட்டு, போறப்ப இவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க." அவ்வளவுதான். கழுத்து சாஞ்சுது.

வீட்டுக்கு வந்தவரு பந்தக்கால்ல முதுகைச் சாய்ச்சு உக்காந்தவருதான். "ஏ புள்ள, கல்லுக்கால் வாங்கறவன்கிட்டச் சொல்லிட்டேன். அடுத்ததுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பிடுங்கிக்கறேன்னான். நான் திருப்பூர்ல வாட்ச்மேன் வேலைக்குப் போயர்றேன்"ன்னாரு. பிடுங்கிட்டா மறுபடி நட எங்களால ஆகாது, அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.  நேரா கம்பெனி வாசலுக்குப் போய், ரெண்டு கை மண்ணை வாரித் தூத்துனேன். நாசமாப் போவடான்னு அடிவயித்துல இருந்து சொன்னேன். அதனாலதான் அவன் வளைஞ்சான்னு பின்னாடி சில பேரு பேசுனாங்க. அவன் கழுத்து சாஞ்சது காலைல, நான் மண்ணை வாரினது மத்தியானம். எனக்கு அப்படியொரு சக்தி இருந்திருந்தா ஆறு வருசம் சும்மாவா இருந்திருப்பேன்?

அடுத்த நாள்ல இருந்து ஊரு அதுக்குப் பழகிக்கிட்டது. ஒரு பெட்டி கழிவுன்னா ஒரு விரக்கடை வளைவுன்னு மொதல்ல கண்டுபிடிச்சது டீக்கடை வெள்ளியங்கிரி. தினமும் காலைல கம்பெனி வேலிக்கு வெளிய நின்னு அவன் சாஞ்ச அளவைப் பார்த்துட்டு, முந்தின நாள் எத்தனை பெட்டி குழிக்குப் போச்சுன்னு சொல்லிட்டு, அப்புறம்தான் பாலைக் காய்ச்சுவான். ஆறாம் நாள் கிருபாகரனால சட்டைப் பொத்தான் போட முடியலை. ஏழாம் நாள் பைக் எடுத்துட்டு டவுனுக்குக் கிளம்பினவன், வண்டி நேரா போகாம வட்டமடிச்சு வட்டமடிச்சு மறுபடி ஆபீசு வாசலுக்கே வந்து சேர்ந்தான். வேற வண்டில கூட்டிட்டுப் போனாங்க, டவுன் டாக்டரு படம் எடுத்துப் பார்த்துட்டு, எலும்பெல்லாம் நேராத்தான் இருக்கு, ஆளுதான் வளைஞ்சிருக்காருன்னு எழுதிக் குடுத்தாரு. மாகாளியம்மன் கோயில் பூசாரி துண்ணூறு போட்டுட்டு, இது பேய் இல்லை, குணம்னு சொல்லிட்டுப் போனாரு. அத்தனைக்கும் அவன் கழிவு சொல்றதை நிறுத்தலை. சொல்லாம விட்டா மேல இருக்கறவன் இவன் சோத்துல கைய வெச்சிருவான், அந்தப் பயம். "கழிவு"ம்பான், 'க்ளுக்'குனு ஒரு சத்தம் வரும், இன்னொரு விரக்கடை. எங்க சனம் பெட்டியைத் தூக்கிட்டுக் குழிக்குப் போறப்ப முன்ன மாதிரி அழலை. பதினாலாம் நாள், தலைச்சுமைக்குச் சுருட்டி வெக்கற சும்மாடு மாதிரி தலையும் காலும் ஒண்ணாச் சேர்ந்து, மேசை மேல கெடந்தான்.

பதினஞ்சாம் நாள் தலைமை ஆபீசுல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் காடியை எடுத்து மேசைல வெச்சான், இன்னொருத்தன் கிருபாகரனைத் தூக்கி அதுல படுக்க வெச்சான். ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்தாங்க. வெளிச்சமென்ன, அந்தப் பக்கம் நின்ன எங்க வெள்ளியங்கிரி மொகமே தெரிஞ்சுதாம். "நிர்ணயித்த அளவுக்கு இல்லை"ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, பச்சைப் பெட்டில வெச்சு, பின்னாடி குழில எங்க காய்ங்க மேலயே கவுத்துட்டு, வந்த வண்டிலயே போயிட்டாங்க.

ஊரே குழியைச் சுத்தி நின்னுது. சிரிச்சவங்களும் உண்டு, நான் மறைக்க மாட்டேன், நானும் சிரிச்சேன். "ஆடு வந்தா மேஞ்சுட்டுப் போகட்டும் விடு"ன்னான் வெள்ளியங்கிரி. அப்பத்தான் காய்க் குவியலுக்குள்ள இருந்து கிருபாகரன் கொரல் வந்துச்சு.

"மாராத்தாக்கா. ஒரு கல்லுக் கட்டி உடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அக்காவாம். என் பேரு அவனுக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு! ஆறு வருசமா நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணுன்னு வெய்யில்ல நிக்க வெச்சவனுக்கு, என் பேரும் தெரியும், என் கைவேலையும் தெரியும். தெரியாம மரியாதை குடுக்காதவனைக்கூட மன்னிச்சிருவேன். எனக்கு அப்ப வந்த கோவம் குழிக்குள்ள எறங்கி அவனை மிதிக்கற கோவம். ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமைங்கறது எனக்கு ஞாபகம் வந்துச்சு. கல்லுக்கால் பிடுங்க ஆளு வர்ற வெள்ளிக்கிழமை.

"தூக்குங்க. என் பந்தலுக்குக் கொண்டாங்க"ன்னேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தாரு. "உனக்கென்ன பைத்தியமா புள்ள? அவனுக்குப் போய்..."

"நீங்க சித்த சும்மா இருங்க."

அக்குளுக்கடில துணியைச் சுத்தி, பந்தலோட நட்டநடு கம்பில அவனைக் கட்டித் தொங்கவிட்டோம். ரெண்டு காலும் சேர்த்து வாழைநாருல மொதக் கல்லு கட்டுனேன், தேங்கா அளவு. வெள்ளிக்கிழமை டிராக்டரும் சங்கிலியுமா வந்த கல்லுக்கால்காரன் பந்தலுக்குள்ள நொழைஞ்சு பார்த்தான். "ஏனுங்க்கா, காய்ப்புல ஆளு இருக்குதே. ஆளு தொங்கற பந்தலை எப்படிங்க பிடுங்கறது? பாவமில்லீங்களா?"ன்னான். "அப்ப அறுப்பு முடிஞ்சு வாங்க"ன்னேன். டிராக்டரைத் திருப்பிட்டுப் போயிட்டான். சென்னியப்பன் அப்பத்தான் என் மொகத்தைப் பார்த்துட்டு, மெதுவா, பதினஞ்சு நாளைக்குப் பொறவு மொதத் தடவையா, ஒரு வாய் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.

தினமும் காலைல ஏணி வெச்சு அவனுக்குக் கம்மங்கூழு குடுத்தோம், வெய்யிலுக்கு ஒரு துண்டு போட்டோம். நாலு நாளைக்கொரு தடவை கல்லு மாத்துனேன். ஆட்டுக்கல்லுக் குழவி, அப்புறம் ரெண்டு குழவி. கொஞ்சம் கொஞ்சமா இறங்கினான். கொடிக்கு அவன் யாருன்னு தெரியுமா என்ன? மூணாம் நாளே கொடியோட சுருள்கம்பி அவன் மணிக்கட்டைப் பிடிச்சுது, பத்தாம் நாள் தோள்ல எலை விட்டுது, சாயங்காலமானா காதோரத்துல வெள்ளையா நார் நாராப் பூ விரியும். கட்டின துணி இத்து விழுந்தப்ப, அவன் விழலை. கொடியே தாங்கிக்கிச்சு. ஒறம்பரையா விருந்துக்கு வர்றவங்களுக்கு, இது பீர்க்கன், இது புடலை, இது மேலாளர்னு எங்க சனம் காட்டி விட்டாங்க.

இதுக்கு நடுவால கம்பெனி வேற ஆளைப் போட்டுது. அவன் மொத நாளே எழுவது பெட்டி கழிச்சான், நாலாம் நாள் பெட்டில போட்டு அனுப்புனோம். அடுத்து வந்தவன் விவரமான ஆளு, காடியைக் கையில எடுத்தான், கழிவுன்னு சொல்ல வாயைத் திறந்தான், கழுத்துல 'க்ளுக்'குனுச்சு, காடியை அங்கயே வெச்சுட்டு பஸ்ஸைப் பிடிச்சுட்டான். அதுக்கப்புறம் யாரும் வரலை. வர்ற லாரி வெறும் லாரியாப் போச்சு. டவுன் கடைங்கள்ல புடலங்கா வெக்கற தட்டுல வெறும் விலைச்சீட்டு மட்டும் நிக்குதுன்னு பேசிக்கிட்டாங்க. எங்களுக்கும் கஷ்டந்தான், இல்லைன்னு சொல்லலை. தெனம் புடலங்கா கூட்டு, புடலங்கா பொரியல், புடலங்கா வத்தல். ஆனா குழில கொட்டலை. எங்க காயை நாங்களே தின்னோம்.

கடைசில மண்டல மேலாளர் சந்தானகோபால் கார்ல வந்து எறங்குனாரு. நேரா என் பந்தலுக்குத்தான் கூட்டிட்டு வந்தாங்க. அண்ணாந்து பார்த்தாரு. பொறவு தொண்டையைச் செருமிட்டு, "நடந்தது வருத்தந்தானுங்க. ஆனா இதுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பேத்துக்க முடியாது"ன்னாரு.

'க்ளுக்.'

நல்ல வெயிட்டான கழுத்து. சத்தம் ஊருக்கே கேட்டுது. "என்னது, என்னாச்சு"ன்னு தடவிப் பார்த்துக்கிட்டாரு.

"ஆரம்பந்தானுங்க, இப்பவே பார்த்தா நிமித்திரலாம்"ன்னேன். "காயிதம் இருக்குதுங்களா?"

என் வீட்டுக்காரர்தான் எழுதுனாரு, மனு எழுதுன அதே பேனாவால. அறுக்கச் சொன்னா எடுத்துக்கணும், எடுக்க மாட்டேன்னா அறுக்கறதுக்கு மொத நாளே சொல்லிரணும். விதை போடறப்ப எந்தக் காடியைக் காட்டுறாங்களோ கடைசிக் காய் வரைக்கும் அந்தக் காடிதான். கழிச்ச காய் எங்க காய், நாங்க தின்போம், விப்போம், யாருக்கோ குடுப்போம், கேக்கக் கூடாது. புகார் சொன்னவன் நம்பரைத் தொடக் கூடாது. எழுதி முடிச்சப்ப நான் ஒண்ணு சேர்த்தேன், "பேரைச் சொல்லிக் கூப்பிடணும்." சந்தானகோபால் சாஞ்ச கழுத்தோடயே எல்லாத்தையும் வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாரு. ஒவ்வொரு பக்கத்துலயும் போட்டாரு. நாப்பத்தொண்ணை ஏட்டுல மறுபடி எழுதி, பக்கத்துல சென்னியப்பன், மாராத்தாள்னு எழுதுனாரு. கடைசிக் கையெழுத்துக்குக் கழுத்து பாதி நிமிர்ந்துச்சு. எங்க சனம் கை தட்டலை, வெறுமனே பார்த்துட்டு நின்னுது.

காருல ஏறப் போனவரு திரும்பி வந்து, "அப்ப எங்க ஆளை எறக்கி விட்ருங்கம்மா. அவரும்தான் நேராயிட்டாரே"ன்னாரு.

நெசந்தான். கிருபாகரன் நேராயிட்டான். காடியே தேவையில்லை, கண்ணால பார்த்தாலே தெரியும், அப்படியொரு நேரு. என் வாழ்நாள்ல அவ்வளவு நேரா ஒரு காயை நான் இறக்கினதில்லை. மேல இருந்து, "அக்கா, எறக்குங்கக்கா. எங்கம்மா தேடும்"ன்னான். எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, கல்லு இல்லை நான், கல்லுக் கட்டறவதான். என் வீட்டுக்காரரும் ஏணியைக் கொண்டாந்து சாத்திட்டாரு.

நான் ஏணியைப் பிடிச்சு நிறுத்துனேன்.

"வேண்டாமுங்க. இதை விதைக்கு விட்ருக்கேன்."

என் வீட்டுக்காரருக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை. பந்தல்லயே நல்லா நேரா, முத்தலா இருக்கற காயை எல்லா வெள்ளாமையிலயும் ஒண்ணு விதைக்குன்னு விட்ருவோம். அதை யாரும் அறுக்க மாட்டாங்க, பசிச்சாலும் தொட மாட்டாங்க, தானா பழுத்துச் செவந்து வெடிக்கற வரைக்கும் அது பாட்டுக்குத் தொங்கும். வீட்டுக்காரர் ஏணியைத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

"என்னம்மா இது, அதான் கையெழுத்துப் போட்டுட்டமே"ன்னாரு சந்தானகோபால்.

"போட்டீங்க. எங்க மனுவுலகூட ஏழெட்டு மேசைக்காரங்க சீல் குத்திக் கையெழுத்துப் போட்டாங்க. காயிதம் பீரோவுக்குள்ள போயிருமுங்க. இவன் பந்தல்ல இருப்பான்."

அவரு கழுத்தைத் தடவிக்கிட்டே காருல ஏறிட்டாரு. இன்னொரு வார்த்தை பேசியிருந்தா கழுத்து என்ன ஆயிருக்கும்னு அவருக்கே தெரியும்.

இப்பப் புது மேலாளரம்மா ஒண்ணு வந்திருக்குது, மீனலோசனின்னு பேரு. நல்ல பொண்ணு. தெனமும் காலைல ஆபீசைத் திறக்கறதுக்கு முன்னால என் பந்தலுக்கு வந்து, ஒரு தடவை அண்ணாந்து பார்த்துட்டுத்தான் காடியைக் கையில எடுக்குது. எங்களைப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுது. கழிவுன்னு எதையாச்சும் சொல்றதா இருந்தா, ஏன்னு காரணத்தையும் சொல்லுது.

கிருபாகரன் முன்ன மாதிரி அடிக்கடி பேசறதில்லை. போன வாரம் கூழ் குடுக்க ஏறுனப்பப் பார்த்தேன், பாதத்துல இருந்து செவப்பு ஏற ஆரம்பிச்சிருக்குது. ஐப்பசிக்குள்ள நல்லா பழுத்துரும். விதை நெறையா இருக்கும். அதை எங்க போடறதுன்னு ஊர்க்கூட்டத்துல இன்னும் பேசிட்டு இருக்காங்க. என்னைக் கேட்டாங்க. தலைமை ஆபீசு வாசல்ல ஒரு கை மண்ணு இருந்தாப் போதும், கல்லுக் கட்ட நான் வர்றேன்னு சொல்லியிருக்கேன்.